பியானோவைப் படுக்க வைத்த புதன்கிழமை

முத்தியால்பேட்டை
09.02.2025

என் லினா அக்காவுக்கும், அவளுக்கு முன்னாடி இந்த லெட்டரப் பிரிச்சுப் படிக்கப் போற சிஸ்டருக்கும்,

தோத்திரம் சிஸ்டர். நான் லினெட்டோட தங்கச்சி மெரின். லெட்டர்ல தப்பா எதுவும் எழுத மாட்டேன். கொஞ்சம் கத்துவேன், அவ்ளோதான்.

அக்கா, என் வாழ்க்கைல நான் எழுதுற மொத லெட்டர் இது. கை வலிக்குது. பேனாவுல பேக்ஸ்பேஸ் கெடையாது, அதான் இத்தன அடித்தல் திருத்தல். நீ சிஸ்டராகறதுக்கு நொவிஷியேட் போனதுலேர்ந்து அம்மா எழுதுற லெட்டருக்கு அடியில "மெரினும் கேட்டாள்"னு ஒரு வரி வருமே, அது அம்மாவா எழுதுனது. நான் கேக்கவே இல்ல. கோவம். இப்பவும் கோவம்தான். ஆனா எமர்ஜென்சி. உன்கிட்ட போன் இல்ல, வேற வழியும் இல்ல.

உன் பியானோவ குடுக்கப் போறாங்க!!!

கஃபே வெச்சிருக்காரே ஜோசப் ஆனந்த் அங்கிள், அவரு வந்து பாத்தாரு. உள்ள இருக்கற கம்பி, கம்பிய அடிக்கற சுத்தி, எல்லாத்தயும் கழட்டிட்டு மணி பிளாண்ட் வெக்கப் போறாராம். வாசல்ல நிப்பாட்டுனா டூரிஸ்ட்டுங்க செல்ஃபி எடுப்பாங்களாம். ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமை வண்டி வருது. அப்பா சரின்னுட்டாரு. ஏன்னு கேட்டா, "லினெட்டே குடுத்துடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா. அதுல வாசிக்கவும் முடியல, இந்த ரூம்ல நடக்கவும் முடியல"ன்றாரு. நெஜக் காரணம் அது இல்ல. அம்மா ரூமக் கூட்டும்போதெல்லாம் அது பக்கத்துல வந்ததும் தொடப்பத்த கீழ வெச்சுட்டு மூக்க உறியுறா. அப்பாவால அதப் பாக்க முடியல.

ஆனா வாசிக்க முடியலன்றது உண்மை. நீ இருந்தப்பவே நடுவுல சில சுதி நிக்காது. இப்போ ரொம்ப மோசம். காலைல முறுக்கி வெச்சா சாயங்காலத்துக்குள்ள எறங்கிப் போவுது. கம்பியச் சுத்தி வெச்சிருக்கற பின்னு, மரத்துல பிடிப்பே இல்லாம சுத்துது. ஓட்டை பெருசாயிடுச்சு. அப்பா பாத்துட்டு, "த்ரெட் போன நட்டு மாதிரி இருக்குடி, எம்சீல் வெச்சு அடைச்சிடலாமா"ன்னாரு. நான் வாயப் பொத்துனேன்.

என்கிட்ட ஐடியா இருக்கு! நான் ஃபாலோ பண்ற பியானோ ரிப்பேர் சேனல் ஒண்ணு இருக்கு. அந்த அண்ணன் எந்த ஊர்னு தெரியாது, ஆனா கடவுள். பின்னச் சுத்தி தண்ணி மாதிரி இருக்கற க்ளூவ சொட்டு சொட்டா விட்டா, அது ஓட்டைக்குள்ள எறங்கி மரத்த இறுக்கிடும். அவ்ளோதான் மேட்டர். சுதி நின்னுச்சுன்னா அப்பா மனசு மாறும்.

இப்ப டீல். பின் எல்லாம் டைட்டா நின்னுச்சுன்னா நீ வீட்டுக்கு வந்துடணும். டீல்னா டீல். சிஸ்டர், நீங்கதான் சாட்சி.

கோவத்தோட,
மெரின்

★

நவதுறவு இல்லம், ஏற்காடு
24.02.2025

அன்புத் தங்கை மெரினுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். உன் கையெழுத்தை நான் பார்த்தே எத்தனை வருடம் ஆகிவிட்டது! சிஸ்டர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "சாட்சி சொல்ல நான் தயாராக இல்லை" என்று சொல்லச் சொன்னார். முகத்தைக் கடுமையாகத்தான் வைத்திருந்தார். கன்னம் மட்டும் அடங்கவில்லை.

இங்கே குளிர் போகவில்லை. காலையில் தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நடுகிறேன். மதியம் தையல். சிற்றாலயத்து ஆர்மோனியம் என் பொறுப்பு. அதில் இரண்டு கட்டைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒன்றை அழுத்தினால் பக்கத்துக் கட்டையும் கூடவே இறங்கும், நீயும் நானும் சண்டை போட்டுவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்வது போல.

டீல் இல்லை, மெரின். பியானோவை வைத்து என்னிடம் பேரம் பேசாதே. எனக்காக எதையும் எடுத்து வைக்க வேண்டாம் என்று புறப்படும்போதே சொன்னேன். என் பழைய செருப்பைக் கூட அம்மா இன்னும் வாசலில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஜோசப் ஆனந்த் அங்கிள் செடி வைத்தால் வைக்கட்டும். செடி வளர்வதும் நல்லதுதான்.

ஆனாலும் கேட்கிறேன், சும்மா தெரிந்துகொள்ளத்தான். நடுவில் இருக்கும் 'லா' சுரம் எப்படி இருக்கிறது? அதன் பின்தான் எப்போதும் முதலில் நழுவும்.

வெந்தய டப்பாவுக்குப் பின்னால் அப்பா பீடி ஒளித்து வைக்கிறாரா என்று பார். நான் கேட்டதாகச் சொல்லாதே.

உன் அக்கா,
லினெட்

★

முத்தியால்பேட்டை
10.03.2025

அக்கா, தோத்திரம் சிஸ்டர்,

பீடி இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. பாத்தேன், அவரும் பாத்தாரு, அவ்ளோதான்.

நீ சும்மா கேக்கற ஆளா? 'லா' எப்படி இருக்குன்னு கேட்டியே, அத நான் எட்டு தடவ படிச்சேன். (நான் அத 'ஏ'ன்னு சொல்லுவேன். நீ பியானோ டீச்சர் மதாம்கிட்ட கத்துக்கிட்ட தொ ரெ மி, நான் வீடியோல கத்துக்கிட்ட சி டி ஈ. ஒரே வீட்ல ரெண்டு பாஷை.)

சரி, சொல்றேன். சிரிக்கக் கூடாது. சத்தியம் பண்ணு. சிஸ்டர், நீங்களும்.

க்ளூ வாங்குனேன். பியானோவோட மேல் மூடிய தெறந்து, முன்பலகைய கழட்டி வெச்சுட்டு, வீடியோல அந்த அண்ணன் பண்ண மாதிரியே பின்னுக்குப் பின்னு சொட்டு விட்டேன். அவரு விட்டப்போ க்ளூ அப்படியே உள்ள எறங்குச்சு. நான் விட்டப்போ எறங்கல அக்கா. வழிஞ்சுது. மூஞ்சில கண்ணீர் வழியுற மாதிரி இரும்புத் தட்டு மேல கோடு கோடா வழிஞ்சு, கீழ இருக்கற சுத்திங்க மேல சொட்டுச்சு. அம்மா டவலோட ஓடியாந்தா. இப்போ டவலும் பியானோவும் ஒண்ணு.

அப்புறம்தான் கவனிச்சேன். வீடியோல இருக்கறது படுத்த பியானோ! பெரிய ஹால்ல வெப்பாங்களே, அந்த மாதிரி. அதுல பின்னு நட்டுக்க நிக்கும், மேலேர்ந்து விட்டா குழிக்குள்ள எறங்கும். நம்மளது நிக்கற பியானோ. பின்னு செவுத்துல அடிச்ச ஆணி மாதிரி பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கு. அதுல விட்டா வழியாம என்ன பண்ணும்? நான் வீடியோவ ரெண்டு மடங்கு ஸ்பீட்ல பாத்தேன். அதான் மிஸ் ஆயிடுச்சு.

இப்ப நெலவரம் என்னன்னா, மூணு சுத்தி ஒண்ணா ஒட்டிக்கிச்சு. ஒரு கட்டைய அழுத்துனா மூணு சத்தம் வருது. அப்பா வந்து அழுத்திப் பாத்துட்டு, "ஒண்ணு வாங்குனா ரெண்டு இலவசம்"னாரு. நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டு, பிளேடால பிரிச்செடுத்துட்டேன். ஆனா அந்த மூணு சுத்தியோட கம்பளி கல்லாயிடுச்சு. அடிச்சா தட்டு கீழ விழுந்த சத்தம்.

கொஞ்சம் க்ளூ உள்ளயும் போயிருக்கும்ல, அந்த நம்பிக்கைல அரை மணி நேரம் கழிச்சு முறுக்கிப் பாத்தேன். கீச்னு பிடிச்ச மாதிரி இருந்துச்சு, அப்புறம் பொடியா கொட்டி மறுபடியும் சுத்துது. உன் லா போச்சு.

அழுதேன். பியானோவுக்காகத்தான்னு அம்மா நெனச்சா.

அக்கா, ஒண்ணு கேக்கணும். நீ சிஸ்டராகப் போறேன்னு அம்மாகிட்ட சொன்ன. அப்பாகிட்ட சொன்ன. பங்கு சாமியார்கிட்ட சொன்ன. எனக்கு மட்டும் பெட்டி கட்டின அன்னிக்குத்தான் தெரியும். ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு இருந்தோம். ஏன்?

மெரின்

★

நவதுறவு இல்லம், ஏற்காடு
25.03.2025

அன்பு மெரின்,

தவக்காலத்தில் கடிதம் எழுத எங்களுக்கு அனுமதி இல்லை. இன்று மங்கள வார்த்தைத் திருநாள் என்பதால் ஒரு பக்கம் மட்டும் எழுதலாம் என்றார்கள். ஆகையால் கையெழுத்தைப் பொடியாக்கிக்கொள்கிறேன், கண்ணைச் சுருக்கிக்கொள்.

சத்தியத்தைச் சிஸ்டர் காப்பாற்றவில்லை. பொழுதுபோக்கு நேரத்தில் உன் கடிதத்தின் பசைப் பகுதியை மட்டும் எல்லோருக்கும் சத்தமாகப் படித்தார். 'இப்போ டவலும் பியானோவும் ஒண்ணு' என்ற இடத்தில் அவராலேயே மேலே படிக்க முடியவில்லை. மறுநாள் மன்றாட்டில் ஒரு நவசகோதரி, "முத்தியால்பேட்டையில் பிடிப்பில்லாமல் தவிக்கும் அனைத்துக்காகவும்" என்று வேண்டிக்கொண்டாள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். பக்தியால் அல்ல.

உன் கேள்விக்கு வருகிறேன்.

அம்மா அழுவார்கள், பிறகு ஜெபமாலை எடுப்பார்கள் என்று தெரியும். அப்பா இரண்டு நாள் பேசமாட்டார், மூன்றாம் நாள் பஸ் டிக்கெட் எடுத்து வருவார் என்று தெரியும். அப்படியேதான் நடந்தது. நீ அழுதால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை. கட்டிய பெட்டியைப் பிரித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பயத்தில் உன்னிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

மே முப்பத்தொன்றாம் தேதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக வாக்குக் கொடுக்கும் நாள். அதற்கு முன் நான்கு நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். வருவேன். ஆனால் அந்த நான்கு நாளுக்குப் பிறகு திரும்பி இங்கேதான் வருவேன், மெரின். பின்கள் நின்றாலும், நழுவினாலும். இதை உனக்கு முதலில் சொல்கிறேன். அம்மாவுக்கு இன்னும் எழுதவில்லை.

பக்கம் முடிந்துவி

லினெட்

★

முத்தியால்பேட்டை
16.04.2025, பெரிய புதன்

அக்காவுக்கு,

தோத்திரம் சிஸ்டர். படிச்சுக் காமிச்சதுக்கு நான் கோச்சுக்கல. அடுத்த தடவ சொல்லிட்டுப் படிங்க, நல்லா எழுதுறேன்.

அக்கா, உன் லெட்டர் வந்ததுக்கு அப்புறம் நான் மூணு வாரம் யார்கிட்டயும் சரியா பேசல. "முதல்ல உனக்குச் சொல்றேன்"னு எழுதுனியே, அது மட்டும் நல்லா இருந்துச்சு. மத்தது நல்லால்ல. அதப் பத்தி இப்ப பேசல.

பேச வேண்டியது வேற. அந்த சேனல் அண்ணன் எனக்கு ரிப்ளை போட்டாரு!!!! நான் நம்ம பியானோ போட்டோவப் போட்டு, நடந்த கதைய கமெண்ட்ல கொட்டி அழுதிருந்தேன். ஒரு சிரிப்பு பொம்மை, அதுக்கடியில ஒரே வரி. நிக்கற பியானோன்னா முதுகு தரைல படற மாதிரி படுக்கப் போடு, அப்புறம் ஊத்துன்னு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வால்பேப்பரா வெச்சிருக்கேன்.

படுக்கப் போடறதுன்னா சும்மாவா? நம்ம அப்பா ஒர்க்‌ஷாப்ல வண்டி சர்வீஸுக்கு விடுற பாவாடை அண்ணன்கிட்ட அப்பா கேட்டாரு. வீராம்பட்டினத்துல அவங்களுக்குச் சொந்த போட் இருக்கு. "மீன்புடி தடைக்காலம் வரட்டும் சூசை அண்ணே, கடலுக்குப் போவ முடியாது, எல்லாப் பயலும் சும்மா குந்திக்கினு இருப்பான், இட்டாரேன்"னாரு. நேத்து தடை ஆரம்பிச்சுது. இன்னிக்கு ஆள இட்டாந்துட்டாரு.

நீ இருந்திருக்கணும். லாரி டியூப நாலா காத்தடிச்சு கீழ போட்டு, படகு இழுக்கற மாதிரி கயிறு கட்டி, பாட்டு வேற பாடிக்கிட்டு சாய்ச்சாங்க. பாதில நிறுத்தி பாவாடை அண்ணன் கேக்கறாரு: "இன்னா பாப்பா, உள்ள யாராவது கீறாங்களா? எங்க போட்டே இந்த கனம் இல்ல." படுத்ததும் உள்ளேர்ந்து எல்லாக் கம்பியும் சேந்து ஹூம்ம்ம்னு ஒரு மூச்சு விட்டுச்சு.

இந்த தடவ சுத்தி செட்ட முழுசா கழட்டி கட்டில் மேல வெச்சுட்டேன். ஊசி வெச்ச ட்யூப்ல ஒவ்வொரு பின்னோட அடியிலயும் விட்டேன். அக்கா, குடிச்சுது! தாகத்துல இருந்த மாதிரி உறிஞ்சி குடிச்சுது. லாவுக்கு ரெண்டு வாட்டி. அந்த நெடில எல்லாருக்கும் கண்ணுல தண்ணி. பாவாடை அண்ணன், "ஒரு பொட்டிய படுக்க வெச்சதுக்கா இப்படி அழுவுறீங்க"ன்னாரு.

சாயங்காலமே முறுக்கிப் பாக்கலாம்னு போனேன். பின்ன முறுக்கற ட்யூனிங் சாவியக் காணோம். அம்மா எடுத்து பீரோல வெச்சுப் பூட்டிட்டா! "பெரிய வாரம்டி. கோயில்லயே நாளைக்கு மணிய நிப்பாட்டிடுவாங்க, மரக் கட்டையத்தான் அடிப்பாங்க. இங்க நீ டிங்கு டிங்குனு அடிப்பியா? ஈஸ்டர் பூசைக்கு மணி அடிக்கட்டும், அப்புறம் எடு"ன்றா. நான் எவ்ளோ கெஞ்சுனேன். திங்கக்கிழமை வண்டி வருதும்மா, ஞாயித்துக்கிழமை ஒரே நாள்தான் இருக்குன்னேன். "ஆண்டவரே கல்லறைல காத்துக்கினு இருந்தாரு, உன் பியானோ இருக்காதா"ன்னுட்டா. கோயில்ல மாதா சுரூபத்துக்கெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடியிருக்காங்கள்ல, அதே மாதிரி அவளோட ஊதாப் பொடவைய எடுத்து பியானோ மேல போத்திட்டா.

நான் தோத்துடுவேன்னு நெனைக்கறேன்.

மெரின்

★

முத்தியால்பேட்டை
21.04.2025, திங்கள்

அக்கா அக்கா அக்கா! தோத்திரம் சிஸ்டர், அல்லேலூயா!

வரிசையா சொல்றேன், இல்லன்னா கொழம்பிடும்.

பெரிய வெள்ளி அன்னிக்கு எதிர்வீட்டு வீராயி அக்கா மோர் குடுக்க வந்தாங்க. ரூம் நடுவுல நீளமா ஒண்ணு படுத்திருக்கு, மேல ஊதாப் பொடவ, பக்கத்துல அம்மா முட்டி போட்டு சிலுவைப் பாதை சொல்லிக்கிட்டு இருக்கா. "அய்யோ சூசை அண்ணே!"ன்னு செம்பக் கீழ போட்டுட்டு மாருல அடிச்சுக்கிட்டாங்க. அப்பா பின்னாடிலேர்ந்து, "என்னம்மா?"ன்னு வந்தாரு. வீராயி அக்கா அவர பாத்துட்டு இன்னும் சத்தமா கத்துனாங்க. மோர் மொத்தமும் வாசல்ல.

ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சு வந்ததும் அம்மாவே பீரோவத் தெறந்து சாவியக் குடுத்தா. பாவாடை அண்ணன் ஆளுங்க பிரியாணிக்கு வந்தாங்க, வந்த கையோட பியானோவத் தூக்கி நிப்பாட்டுனாங்க. சுத்தி செட்ட மாட்டுனேன். போன்ல ஆப்ப தெறந்து வெச்சேன். மொதல்ல லா. சாவியப் போட்டு முறுக்கறேன், வர மாட்டேங்குது அக்கா! அவ்ளோ பிடி! கட்டிக்கிட்டு இருக்கு. மெதுவா அழுத்தம் குடுத்ததும் கிர்ர்னு ஒரு நூல் நவுந்து, அங்கேயே நின்னுடுச்சு. ஆப்ல பச்சை. நான் கத்துன கத்துல பாவாடை அண்ணனுக்குப் பொரை ஏறிடுச்சு.

அப்புறம் வீடியோவ சாதா ஸ்பீட்ல போட்டுப் பாத்தேன். ஊத்திட்டு நல்லா காயற வரைக்கும் சாவியக் கிட்டயே கொண்டு போகாதீங்கன்னு அந்த அண்ணன் தெளிவா சொல்றாரு. நான் அந்த எடத்த ஓட்டி விட்டிருக்கேன். அம்மா மட்டும் சாவிய எடுத்து வெக்கலன்னா புதன்கிழமையே மறுபடியும் கெடுத்திருப்பேன். அம்மாகிட்ட சொன்னேன். "நான் சாவிய எடுத்தது ஆண்டவருக்காக"ன்றா. ஆனா மூஞ்சில பெருமை பொங்குது.

இன்னிக்குக் காலைல எழுந்ததும் பல்லு கூட வெளக்காம போய் லாவ அடிச்சேன். நிக்குது. ராத்திரி விட்ட எடத்துலயே நிக்குது.

ஒம்பது மணிக்கு மினி லாரி வந்துடுச்சு. ஜோசப் ஆனந்த் அங்கிள், கையில அளவு டேப்போட. "என்ன சூசை, ரெடியா?"ன்றாரு. அப்பா தரையப் பாக்கறாரு. "பெரிய பொண்ணோடதுதானே? அது வேணாம்னு சொல்லிடுச்சுல்ல?"

நான் சொன்னேன்: "அக்காவோடது இல்ல அங்கிள். என்னோடது."

எப்படி வந்துச்சுன்னு தெரியல. வாய்லேர்ந்து வந்துடுச்சு. அப்பா நிமிந்து பாத்தாரு. அங்கிள், "உன்னோடதா? நீ வாசிப்பியாம்மா?"ன்னாரு.

யாருக்கும் தெரியாதுல்ல. நீ பூசைக்குப் போன நேரம், அம்மா மார்க்கெட் போன நேரம், கதவ சாத்திக்கிட்டு போன் பாத்து கத்துக்கிட்டதுதான். ஆளுங்க முன்னாடி நான் உக்காந்ததே இல்ல. போய் உக்காந்தேன். ஸ்டூலு உசரமா இருந்துச்சு, காலு சரியா எட்டல. நீ போனப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிருந்தேன், யாரையும் தொட விடல. எழுந்து, சுத்தி சுத்தி என் உசரத்துக்கு எறக்குனேன். துரு ஏறி கிறீச்னு கத்துச்சு. அம்மா சமையக்கட்டுலேர்ந்து எட்டிப் பாத்தா.

ஈஸ்டர் பாட்டு வாசிச்சேன். நடுவுல ரெண்டு எடத்துல விட்டேன், புடிச்சேன். அந்த க்ளூ பட்ட மூணு கட்டை வந்தப்போ அங்கிள், "அது என்னம்மா தட்டு விழுவுது?"ன்னாரு. அப்பா சொன்னாரு: "அது அவ போட்ட கையெழுத்து, முசியே."

அங்கிள் டேப்ப சுருட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு. "இதுல செடி வெச்சா எனக்கே தூக்கம் வராது"ன்னாரு. ஆனா லாரிய காலியா ஓட்டிக்கிட்டுப் போக மனசில்ல போல, ஒர்க்‌ஷாப்ல கெடக்கற பழைய ஸ்கூட்டர ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. மணி பிளாண்ட் இப்ப அதுலதான். அப்பாவுக்கு அதுல ஒரு சோகம்.

அக்கா, இப்ப டீலுக்கு வரேன். பின் நின்னுடுச்சு. நியாயப்படி பாத்தா நீ வீட்டுக்கு வரணும்.

டீல் கேன்சல். நீ போயிட்டு இரு. நான் அழுதுக்கிட்டுதான் எழுதுறேன், ஆனா பெட்டிய பிரிக்க வேணாம். சிஸ்டர், இதுக்கும் நீங்க சாட்சி.

கோவம் இல்லாத,
மெரின்

★

நவதுறவு இல்லம், ஏற்காடு
02.05.2025

என் மெரின் குட்டிக்கு,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது சிஸ்டர், "இதை நான் சத்தமாகப் படிக்கமாட்டேன், நீயே தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் படி" என்றார். பீன்ஸ் கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். வீராயி அக்கா வந்த இடத்தில் சிரித்த சத்தம் கேட்டு ஒரு சகோதரி என்னவென்று பார்க்க வந்தாள். அவள் வந்து சேர்ந்த நேரத்தில் நான் ஸ்டூல் இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். அவள் தன் கைக்குட்டையை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

சாட்சிக் கையெழுத்துப் போடச் சிஸ்டர் ஒப்புக்கொண்டார். இதோ, கீழே ஓரமாக இருக்கிறது பார். எங்கள் ஆர்மோனியத்தின் ஒட்டுகிற கட்டைகளைச் சரிசெய்ய உன்னிடம் யோசனை கேட்கச் சொன்னார். பசை இல்லாத யோசனையாக இருக்க வேண்டுமாம்.

மே இருபத்தாறு காலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். அப்பாவை வண்டி எடுத்துக்கொண்டு வரச் சொல். அம்மாவிடம் வஞ்சிரம் வேண்டாம் என்று சொல், தடைக்காலத்தில் மீன் விலையைக் கேட்டு அவர்களுக்குத் தலை சுற்றும். சாம்பார் போதும். இரவு நம் கட்டிலில் எனக்குச் சுவர் ஓரம். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நான் வந்திருக்கும்போது உன் பியானோவை ஒரு பாட்டுக்கு எனக்குத் தருவாயா? நீ வேண்டாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். தருவதாக இருந்தால், ஸ்டூலை ஏற்ற வேண்டாம். உன் உயரத்திலேயே உட்கார்ந்து வாசித்துக்கொள்கிறேன்.

உன்,
லினா